சங்கு சத்தம் கேட்டா ஏன் அடிவயிறு கலங்குது? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல பாட்டு, வாத்தியம், மனசு இது மூணையும் பத்தி உங்களுக்கு இருக்கிற சந்தேகத்தை எழுதி அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம். ராமேஸ்வரத்துல ஆரம்பிச்சு அங்கிட்டு தொண்டி வரைக்கும் இங்கிட்டு சாயல்குடி வரைக்கும் கடற்கரை ஊருங்கள்ல இருந்து கடிதாசி, வாட்ஸ்அப் மெசேஜ், வாய்ஸ் எல்லாம் வந்து குவிஞ்சிருக்கு, எல்லாத்துக்கும் இந்தப் பக்கத்துல எடம் பத்தாது. நான் டாக்டர் இல்ல. முப்பது வருஷமா பிள்ளைகளுக்குப் பாட்டும் வயலினும் சொல்லிக் குடுக்கிறவ, எங்கப்பா கோயில்கள்ல நாதஸ்வரம் வாசிச்சவரு. பாத்தது, படிச்சது, வாசிச்சு அனுபவிச்சது, இதை வச்சுத்தான் பதில் சொல்றேன்.

மண்டபத்துல இருந்து ஒரு வாசகி: டீச்சர், கோயில்ல சங்கு ஊதினா கை தானா கும்பிடப் போகுது. அதே சங்கு ராத்திரி தெருவுல கேட்டா அடிவயிறு கலங்கிப் போகுது. சங்கு ஒண்ணுதானே, ஏன் இப்படி?

இந்த ஒரு கேள்வியிலயே மொத்த விஷயமும் இருக்கும்மா, அதான் இதை மொதல்ல எடுத்துக்கிட்டேன்.

சங்குல புல்லாங்குழல் மாதிரி விரல் வைக்கிற துளை கிடையாது. உதட்டை அதிர வச்சு ஊதுறோம், அந்த அதிர்வு உள்ளுக்குள்ள சுருண்டு சுருண்டு போற குழல்ல பெருசாகி ஒரே ஒரு நீளமான சத்தமா வெளிய வருது, அவ்வளவுதான். ராகம் இல்ல, தாளம் இல்ல, வார்த்தை இல்ல. அதனால சங்கு தானா உங்ககிட்ட சந்தோஷம்னும் சொல்லல, துக்கம்னும் சொல்லல. நம்ம பக்கம் எழவு வீட்டுல சங்கும் சேகண்டியும் ஒலிக்கும், சின்னப் பிள்ளையில அந்த சத்தம் வந்ததும் அம்மா உங்களை வீட்டுக்குள்ள இழுத்துக் கதவைச் சாத்தியிருப்பாங்க, பெரியவங்க பேச்சை நிறுத்தி ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்திருப்பாங்க, அது எல்லாத்தையும் சேத்து மூளை ஒரே முடிச்சாப் போட்டு வச்சிரும். இன்னிக்கு சத்தத்தை மட்டும் கேட்டாலும் முடிச்சு முழுசா அவுந்து அந்தப் பயமும் கூடவே வரும். கோயில் சங்கோட சேந்து வர்றது கற்பூர வெளிச்சம், விபூதி வாசம், பக்கத்துல நிக்கிற நாலு சனம். அதனால அங்க பயம் இல்ல.

இன்னொரு காரணமும் இருக்கு. ராத்திரி ஊரே அடங்கிக் கெடக்கும்போது திடீர்னு பெருசா ஒரு சத்தம் வந்தா, காதுல இருந்து போற செய்தி மொதல்ல மூளைத்தண்டுக்குத்தான் போகுது, அங்கயே நெஞ்சுத் துடிப்பைக் கூட்டுற வேலை ஆரம்பிச்சிருது, 'ஓ இது சங்கு, பக்கத்துத் தெருவுல யாரோ தவறிட்டாக'ன்னு நமக்குப் புரியறது அதுக்கப்பறம்தான். நீங்க பயந்தாங்கொள்ளியா இருக்கிறதால வர்றது இல்ல இது, எல்லாருக்கும் உடம்பு இப்படித்தான் அமைஞ்சிருக்கு.

கீழக்கரைப் பக்கம் சங்கு குளிச்சே பொழைச்ச குடும்பங்கள் உண்டு. அந்த வீட்டுல சங்குன்னா அடுப்பு எரியும்னு அர்த்தம். அங்க வளந்த பிள்ளைக்கு உங்களுக்கு வர்ற கலக்கம் வருமான்னு கேட்டா, வேற மாதிரிதான் இருக்கும். நான் என்ன செய்வேன்னா, வகுப்புக்கு ஒரு சங்கை எடுத்துட்டுப் போயி பகல் வெளிச்சத்துல பிள்ளைகளை ஊத விடுவேன். மொதல்ல வெறும் காத்துதான் வரும், அப்பறம் 'ப்ப்பூ'ன்னு ஒரு சத்தம் வந்ததும் கூட்டமே சிரிச்சு உருளும், அதுக்கப்பறம் அந்தப் பிள்ளைகளுக்கு ராத்திரிச் சங்கு அவ்வளவு பயம் காட்டுறது இல்லன்னு தாய்மாருங்க வந்து சொல்லியிருக்காங்க. நீங்களும் ஒரு தடவை ஊதிப் பாருங்க.

ராமநாதபுரம் கல்லூரி மாணவர்: பரிச்சைக்குப் படிக்கும்போது எந்த வாத்தியம் கேட்டா மூளை நல்லா வேலை செய்யும் மேடம்? மொசார்ட் கேட்டா அறிவு கூடும்னு ரீல்ஸ்ல சொல்றாங்களே?

அறிவெல்லாம் கூடிறாது தம்பி. 1993ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி நடந்தது, மொசார்ட் பியானோ இசையப் பத்து நிமிஷம் கேட்ட காலேஜ் பசங்க ஒரு வகைக் கணக்குல, அதாவது வடிவங்களை மனசுக்குள்ள மடிச்சு விரிச்சுப் பாக்குற கணக்குல, கொஞ்சம் நல்லா செஞ்சாங்க, அந்தப் பலனும் பத்துப் பதினைஞ்சு நிமிஷத்துல போயிருச்சு. பின்னால வந்தவங்க சோதிச்சுப் பாத்துட்டு, நமக்குப் பிடிச்ச எந்த இசையா இருந்தாலும் மனசு சுறுசுறுப்பாகும், அதுல வர்ற பலன்தான் இதுன்னு சொல்லிட்டாங்க.

வார்த்தை இருக்கிற பாட்டு வேணாம். நீ படிக்கிறதும் வார்த்தை, பாட்டுல வர்றதும் வார்த்தை, ரெண்டும் ஒரே வாசல்ல முட்டிக்கும். வீணையோ புல்லாங்குழலோ சத்தம் கம்மியா வச்சுக்க. அதைவிட முக்கியமா ஒண்ணு சொல்றேன், இத்தாலியில பாவியாங்கிற ஊருல 2006ல வந்த ஒரு ஆராய்ச்சியில, வேகமான இசை கேட்டா மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் ஏறுது, மெதுவான இசைக்கு எறங்குதுன்னு பாத்தாங்க, ஆனா நடுவுல 2 நிமிஷம் இசைய நிறுத்தி வச்சிருந்தாங்க பாரு, அந்த அமைதியிலதான் உடம்பு எல்லாத்தையும் விட நல்லா தளர்ந்திருந்தது. அதனால ஒரு பாடம் முடிஞ்சதும் இயர்போனைக் கழட்டி வச்சுட்டு ரெண்டு நிமிஷம் சும்மா உக்காரு.

தங்கச்சிமடத்துல இருந்து ஒரு அக்கா: மீன்பிடி தடைக்காலம் வந்தா எங்க வீட்டுக்காரரு கரையில போட்டுருக்கிற போட்டுல ஏறி உக்காந்துக்கிட்டு செல்லுல சோகப் பாட்டா போட்டுக் கேக்குறாரு. சாப்புடக் கூப்புட்டா வர்றதில்ல. சோகப் பாட்டு சோகத்தைக் கூட்டிறாதா?

உங்க கவலை நியாயமானது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், தெனம் கடலப் பாத்து எழுந்திரிச்ச மனுசன் கரையிலயே உக்காந்திருக்கணும்னா அந்தக் கையும் மனசும் என்ன பாடுபடும்னு நெனைச்சுப் பாருங்க.

நம்ம நெலத்துக்கும் சோகத்துக்கும் பழைய உறவு உண்டு அக்கா. ஐந்திணையில நெய்தலுக்கு உரிப்பொருளே இரங்கல்தான், கடலுக்குப் போனவனை நெனைச்சுக் கரையில நிக்கிறவளோட ஏக்கம். நெய்தலுக்குன்னு வச்ச யாழு விளரி யாழு, பண்ணு செவ்வழி, விளரின்னாலே இரங்கிப் பாடுற பண்ணுன்னு இலக்கியம் படிச்சவங்க சொல்லுவாங்க. பறை மட்டும் மீன்கோட்பறை, அது வேலைக்கான பறை. அன்னிக்கே நம்ம ஆளுங்க ஒவ்வொரு நெலத்துக்கும் அங்க இருக்கிற மனுசங்க மனசைப் பாத்து வாத்தியத்தைப் பொருத்தி வச்சிருக்காங்க, இதைப் பாடம் எடுக்கிறப்பெல்லாம் எனக்கு ஒடம்பு சிலிர்க்கும்.

சோகப் பாட்டு எல்லாருக்கும் சோகத்தைக் கூட்டாது. பாட்டுல வர்ற அழுகை நம்ம அழுகைக்குத் தொணையா நிக்கும், 'என்னை மாதிரி இன்னொருத்தனும் இருக்கான்'னு தோணும், அழுது முடிச்சா நெஞ்சு லேசாகும். எழவு வீட்டுல ஒப்பாரி வைக்கிறதும் அதுக்குத்தானே, கட்டிப் பிடிச்சு அழுத பொம்பளைங்க அப்பறம் எழுந்திரிச்சு மத்த வேலையப் பாப்பாங்க. ஆனா சிலருக்கு அந்தப் பாட்டு ஒரே எடத்துல சுத்துற சுழல் மாதிரி ஆயிரும், கேக்கக் கேக்க பழசையே நெனைச்சு நெனைச்சு உள்ள போயிருவாங்க. இவரு எந்த வகைன்னு நீங்கதான் பாக்கணும். பாட்டு முடிஞ்சதும் எறங்கி வந்து ரெண்டு வார்த்தை பேசுறாரா, ராத்திரி தூங்குறாரா, வலை பிரிக்கப் போறாரா? ஆமான்னா விட்டுருங்க, அந்தப் பாட்டு அவருக்கு வேணும்.

இல்லைன்னா பாட்டை நிறுத்தச் சொல்லாதீங்க, திடீர்னு குத்துப்பாட்டும் போடாதீங்க, எரிச்சல்தான் வரும். இசை மூலமா சிகிச்சை குடுக்கிறவங்க ஒரு முறை வச்சிருக்காங்க, ஆளு எந்த மனநிலையில இருக்காரோ அதே மாதிரிப் பாட்டுல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா வேற பக்கம் கூட்டிட்டுப் போவாங்க. நீங்களும் பக்கத்துல போயி உக்காந்து அவரு கேக்குற பாட்டையே கேளுங்க, ரெண்டாவது நாளு அதுக்கு அடுத்தாப்புல அவரு கல்யாணத்தப்ப கேட்ட பாட்டு ஒண்ணு போடுங்க, மூணாவது நாளு அவரையே பாடச் சொல்லுங்க. இது எதுக்கும் அசையாம, சோறும் தூக்கமும் இல்லாம ரெண்டு வாரத்துக்கு மேல போச்சுன்னா, இல்ல 'இருந்து என்ன பிரயோசனம்'ங்கிற மாதிரி பேச்சு ஒரே ஒரு தடவை வந்தாக்கூட, பாட்டை நம்பிக் காத்திருக்க வேணாம். 14416க்குப் போன் பண்ணுங்க, அரசாங்கத்தோட மனநல உதவி எண்ணு, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

தேவிபட்டினம் வாசகர்: எம்பொண்ணு கல்யாணத்துல கெட்டிமேளம் கொட்டுனப்போ எனக்குக் கண்ணுல தண்ணி நிக்கவே இல்ல. சந்தோஷமான நேரம்தானே, நாதஸ்வரத்துக்குள்ள அப்படி என்னங்க இருக்கு?

ஐயா, இந்தக் கேள்விய எங்கப்பா இருந்திருந்தா அவருக்கிட்டயே குடுத்திருப்பேன்.

நாதஸ்வரம் ஆச்சா மரத்துல செய்யறது, வாயில வைக்கிற சீவாளி நாணல் தட்டையில செய்யறது. ஏழு துளைதான் விரலுக்கு, அதுக்குக் கீழ இருக்கிற அஞ்சு துளை சுருதி சேக்கறதுக்கு. அந்த ஏழு துளைய வச்சுக்கிட்டு சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவுல இருக்கிறதை எல்லாம் உதட்டாலயும் மூச்சாலயும்தான் கொண்டு வரணும். அதனால அது மனுசன் பாடுற மாதிரி வழுக்கும், குழையும், விம்மும். நம்ம மூளைக்கு மனுசக் குரல் மாதிரி இருக்கிற சத்தத்து மேல தனிப் பிரியம் உண்டு, அதுல இருக்கிற நடுக்கத்தை, ஏக்கத்தை உடனே கண்டுபிடிச்சிரும். அப்பா கடற்கரை ஊருக்குக் கச்சேரிக்குப் போனா நாலஞ்சு சீவாளி எடுத்துட்டுப் போவாக, ஈரக்காத்துல சீவாளி ஊறிப் போயிரும், சத்தம் தழுதழுக்கும். "இன்னிக்குக் கடக்காத்து எனக்கு முன்னாடி அழுதுருச்சு"ன்னு வீட்டுக்கு வந்து சொல்வாக.

தவிலு வேற வேலை செய்யும். பலா மரத்துல கொடைஞ்ச உடம்பு, வலந்தலைங்கிற ஒரு பக்கத்துல விரலுக்குக் கூடு மாட்டி அடிக்கிறாங்க, தொப்பிங்கிற மறுபக்கத்துல குச்சியால அடிக்கிறாங்க. அந்த அடி காதுக்கு மட்டும் வர்றதில்ல, நெஞ்செலும்புல வந்து மோதும். அதுவரைக்கும் நிதானமா ஒரு ராகம் போய்க்கிட்டு இருக்கு, ஐயரு கையத் தூக்கிக் காட்டுறாரு, ஒரே நொடியில அம்புட்டும் வேகமாகி உச்சத்துக்குப் போகுது. கனடாவுல மாண்ட்ரியல்ல 2011ல மூளையப் படம் எடுத்துப் பாத்து ஒண்ணு சொன்னாங்க, பாட்டுல ஒடம்பு சிலிர்க்கிற அந்த உச்சத்துல மூளையில டோபமைன்னு சந்தோஷத்தோட சம்பந்தப்பட்ட ஒரு ரசாயனம் சுரக்குது, அதை விட ஆச்சரியம், உச்சம் வரப்போகுதுன்னு எதிர்பாத்துக் காத்திருக்கிற நொடியிலயே மூளையோட இன்னொரு பகுதியில அது சுரக்க ஆரம்பிச்சிருது. நீங்க அந்தக் கெட்டிமேளத்துக்காக எத்தனை வருஷம் காத்திருந்தீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும் ஐயா. மகள் பொறந்த நாள்ல இருந்து சேத்து வச்சது அது, நகைச்சீட்டு கட்டுனது, வரன் தேடி அலைஞ்சது, நாளைக்கு இந்த வீட்டுல அவ சத்தம் இருக்காதேங்கிறது, அம்புட்டையும் நாதஸ்வரம் ஒரு நிமிஷத்துல தொறந்து விட்டுருச்சு. நீங்க அழுததுல கூச்சப்பட ஒண்ணுமே இல்ல.

செல்லுல கேட்டா இது வராது. சின்ன ஸ்பீக்கர்ல தவிலோட அடிச்சத்தம் பாதி வெளியவே வராது. கல்யாண மண்டபத்துல இப்ப ரெக்கார்டு போட்டு கெட்டிமேளத்தை முடிச்சுர்றாங்க, எனக்கு அதுல பெரிய வருத்தம், வாசிக்கிறவனுக்கும் பொழப்பு போச்சு, கேக்குறவனுக்கும் அந்த அதிர்வு போச்சு. காசு பத்தலைன்னா பந்தல் அலங்காரத்துல கொறைங்க, மேளத்துல கொறைக்காதீங்க.

கீழக்கரையில இருந்து ஒரு மாணவி: எங்க வீட்டுல உம்மா, வாப்பா வாத்தியம் எதுவும் விரும்ப மாட்டாங்க. கந்தூரி நேரத்துல தப்ஸ் அடிச்சு ஆளுங்க சேந்து பாடுறதைத்தான் கேட்டிருக்கேன். ஆனா அதுக்கே மனசு பறக்குதே, எப்படி?

'அதுக்கே'ன்னு சொல்லாதம்மா. உலகத்துலயே பழைய வாத்தியம் ரெண்டுதான், மனுசன் தொண்டையும் மனுசன் கையும். தப்ஸ்ல ஒரு பக்கம்தான் தோலு, அதுல சீரா விழுற அடிக்கு நம்ம மூளையில காது சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் இல்ல, கை காலை அசைக்கிற பகுதியும் சேந்து முழிச்சுக்கும், அதான் உக்காந்த எடத்துலயே தலை ஆடுது. கூட்டமா சேந்து பாடும்போது எல்லாரும் ஒரே எடத்துல மூச்சு விடுறோம் இல்லையா, ஸ்வீடன்ல 2013ல ஒரு ஆராய்ச்சியில சேந்து பாடுறவங்களோட நெஞ்சுத் துடிப்பு கூடுறதும் கொறையறதும் ஒரே நேரத்துல நடக்குதுன்னு அளந்தே காட்டினாங்க.

நம்ம கரைவலை இழுக்கிறவங்க இதை அளக்காமலே தெரிஞ்சு வச்சிருந்தாங்க. ஒருத்தர் அம்பா எடுத்துக் குடுக்க மத்தவங்க 'ஏலேலோ'ன்னு வாங்கி இழுப்பாங்க, அந்தப் பாட்டு இல்லைன்னா ஆளுக்கு ஒரு நேரம் இழுத்து வலையும் வராது, முதுகும் போயிரும். பாடும்போது பாரம் கொறையலைன்னாலும் பாரம் தெரியாது. நாகூர் ஹனிபா ஐயா பொறந்தது நம்ம ராமநாதபுரத்துலதான், அவரு குரலு ஒலிபெருக்கியில வந்தா மதம் பாக்காம தெருவே நின்னு கேக்கும், அதுல ஜனங்களைப் பிடிச்சு நிறுத்துனது குரல்தான். நீ உன் குரலை வளத்துக்க.

சாயல்குடி வாசகர்: வயலின்னாலே சோக வாத்தியம்தானே?

இல்லவே இல்ல, சினிமாவுல அழுகைக் காட்சிக்கெல்லாம் அதையே போட்டுப் பழக்கிட்டாங்க. வயலின்ல வில்லு இழுக்கிற வரைக்கும் சத்தம் அறுந்து போகாது, அதனால மெதுவா, தாழ்ந்த சுரத்துல இழுத்தா சோகமா இருக்கிற மனுசன் பேசுற மாதிரியே இருக்கும். நாம துக்கத்துல எப்படிப் பேசுவோம், மெதுவாத்தானே, சத்தம் எறங்கித்தானே? அதே வயலின்ல பிருகா, அதாவது சுரங்களை வேகமா உருட்டி வாசிக்கிறது, அதைப் போட்டுப் பாருங்க, துள்ளும். ஆப்பிரிக்காவுல கேமரூன் நாட்டு மலைப்பகுதியில மாஃபாங்கிற மக்கள், வெளி உலகப் பாட்டே கேட்டுப் பழகாதவங்க, அவங்களுக்கு மேல்நாட்டு இசையப் போட்டுக் காட்டினப்போ இது சந்தோஷம், இது சோகம், இது பயம்னு தற்செயலா சொல்றதை விட நெறைய சரியாவே சொன்னாங்க. அப்ப வேகமும் ஏத்த எறக்கமும் சொல்ற சேதி எல்லா ஊருக்கும் கொஞ்சம் பொது. வயலினை நம்ம இசைக்குக் கொண்டு வந்த பாலுஸ்வாமி தீட்சிதர் இருந்த எட்டயபுரம் உங்க ஊருக்கு ரொம்ப தூரம் இல்ல, ஒரு எட்டு போயிட்டு வாங்க.

பாம்பன்ல இருந்து ஒரு அம்மா: எனக்கு 52 வயசு. இனிமே வீணை கத்துக்கலாமா?

நாளைக்கே ஆரம்பிங்க. ராமேஸ்வரத்துல பொறந்த கலாம் ஐயா அவ்வளவு வேலைக்கு நடுவுலயும் வீணை வாசிச்சவரு. வீணையில ஒரு தடவை மீட்டினா அந்த நாதம் தேஞ்சு தேஞ்சு போகும், அதைக் கடைசி வரைக்கும் பிடிக்கணும்னா காதைக் கூர் பண்ணிக்கிட்டு அசையாம உக்காரணும், அப்ப மூச்சு தானா மெதுவாகும். வீட்டுல இருக்கிறவங்க சிரிச்சா சிரிக்கட்டும்.

ராமேஸ்வரத்துல இருந்து ஒரு பேத்தி: எங்க அப்பத்தா தனுஷ்கோடியில பொறந்தவங்க, 64 புயல்ல சின்னப் பிள்ளை. இப்பவும் மார்கழியில காத்து 'ஊ'ன்னு அடிச்சா ராத்திரி பூரா முழிச்சு உக்காந்திருக்காங்க. நீலாம்பரி ராகம் போட்டா தூக்கம் வரும்னு சொல்றாங்களே, போடலாமா?

கண்ணு, உங்க கேள்வியப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி அந்தக் காத்தோட சத்தத்தைக் கேட்ட காதுக்கு, அறுபது வருஷம் கழிச்சும் காத்துன்னா அந்த ராத்திரிதான். மொத கேள்வியில சங்கைப் பத்திச் சொன்னேன்ல, அதே முடிச்சுதான் இது, ஆனா கையால அவுக்க முடியாத அளவுக்கு இறுகிப் போனது.

நீலாம்பரி போடலாம், தாலாட்டுக்குன்னே பேர் போன ராகம். ஆனா இந்த ராகம் இந்த வியாதியத் தீக்கும்னு பட்டியல் போட்டு அனுப்புறாங்க பாருங்க, அதை நான் நம்புறதில்ல, மாத்திரைய நிறுத்திட்டு ராகம் கேக்கச் சொல்றவங்களை நம்பவே நம்பாதீங்க. இசை தொணையா நிக்கும். புறநானூறு 281ல காயம் பட்டுக் கெடக்குற வீரன் வீட்டுல வேப்பிலை செருகி, யாழும் மத்த வாத்தியமும் முழங்க, குழல் ஊதி, மணி அடிச்சு, காஞ்சிப் பண் பாடி அவனைக் காக்கலாம்னு ஒரு பொண்ணு கூப்புடுறா. காயத்துக்கு மருந்து போடுறவங்க தனியா இருந்திருப்பாங்க, பாட்டு எதுக்குன்னா அவன் தனியா வலியோட கெடக்கக் கூடாதுன்னுதான்னு நான் நெனைக்கிறேன்.

அதனால இப்படிச் செஞ்சு பாருங்க. காத்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, சாயங்காலமே, மெதுவான பாட்டைச் சன்னமா ஓட விடுங்க, நிமிஷத்துக்கு 60ல இருந்து 80 தாள அடிக்குள்ள இருக்கிற பாட்டு, தொட்டில் ஆடுற வேகம்னு வச்சுக்கங்க. சங்கு, தவிலு, உருமி மாதிரி திடீர்னு எழுற சத்தம் எதுவும் வேணாம். ஒரே சீரா ஓடுற சத்தம் இருந்தா காத்தோட ஊளை கொஞ்சம் அமுங்கும். ஜன்னல் இடுக்குல துணி வச்சு அடைங்க, பாதி ஊளை அங்க இருந்துதான் வரும். பெரியாஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, ஒரு நாளு கூட்டிட்டுப் போயி காட்டுங்க, வயசாயிருச்சு இனிமே எதுக்குன்னு விட்டுறாதீங்க.

அப்பறம் ஒண்ணு. உங்க அப்பத்தா உங்கப்பாவுக்குப் பாடுன ஆராரோ அவங்களுக்கு நினைவு இருக்கும், மத்தது மறந்தாலும் அது மறக்காது. காத்தடிக்கிற ராத்திரியில நீங்க அவங்க மடியில தலைய வச்சுப் படுத்துக்கிட்டு, 'எனக்குத் தூக்கம் வரல அப்பத்தா, அதைப் பாடுங்க'ன்னு கேளுங்க. பயந்து கெடக்குறவங்க, இன்னொருத்தரைத் தூங்க வைக்கப் போறவங்களா மாறுவாங்க, பாடப் பாட அவங்க மூச்சும் நீளும். பாட்டு நின்னா உடனே எழுந்திரிச்சிறாதீங்க, அவங்க கை உங்க தலையில தட்டிக்கிட்டே இருக்கும், அதுவும் நிக்கிற வரைக்கும் அப்படியே படுத்திருங்க. எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க.